உப்பு பார்க்க ஆள் தேவை

ரமலான் மாதத்துப் பகலில் வாசனையே இல்லாமல் ஒரு மனிதருக்குச் சோறு போடுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் தில்ஷாத்திடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவள் சொல்ல மாட்டாள்.

தாளிக்கக் கூடாது. வெங்காயம் வதக்கக் கூடாது. தோசையை நினைத்தே பார்க்கக் கூடாது. கல்லில் எண்ணெய் பட்ட மறு நிமிடம் பக்கத்து மாடியில் ஜன்னல் திறக்கும். முட்டை அவித்தால் ஓடு மிஞ்சும், குப்பை எடுக்க வருகிறவள் கண்ணில் படும். குக்கர் விசில் அடித்தால் தெருவுக்கே தகவல் போய்விடும். ஆகவே விடியலுக்கு முன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹர் வேளையில், ஊரில் எல்லா அடுப்பும் எரிகிறபோதே, ஒரு கிண்ணம் உப்புமாவைச் சேர்த்துக் கிளறி, மூடி, படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். பதினோரு மணிக்கு அது கல் மாதிரி ஆகியிருக்கும். இருந்தாலும் வாசனை வராது.

பதினோரு மணிக்கு அவளுடைய கணவர் ஜபருல்லா கடையிலிருந்து வருவார். உக்கடத்தில் பழைய லாரி உதிரி பாகங்கள் விற்கிற கடை. "சித்த சாஞ்சுட்டு வாரேன், நோன்பு அசத்துது" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, தெருவில் மெதுவாக நடந்து வருவார்.

"தாழ்ப்பா போட்டியா?"

"போட்டனுங்க."

"ஜன்னலு?"

"சாத்திப்போட்டனுங்க."

"அப்பறம் காக்கா ஏன் கத்துது?"

"அதுக்குத் தெரிஞ்சாப் பரவால்லீங்க. அது ஜமாத்துல இல்லை."

அவர் சிரிக்க மாட்டார். கட்டிலில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உப்புமாவை விழுங்குவார். நோன்பு பிடித்திருக்கும் தில்ஷாத் எதிரே உட்கார்ந்து விசிறுவாள். தின்று முடித்ததும் வாயைக் கொப்பளித்து, உதட்டைத் துண்டால் அழுத்தித் துடைத்துத் துடைத்துக் காய வைப்பார். பிறகு கண்ணாடி முன் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்வார். கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணைச் சற்றே தாழ்த்தினால் நோன்பு முகம் தயார். உண்மையாக நோன்பு பிடிக்கிறவர்கள் யாருக்கும் அவ்வளவு நல்ல நோன்பு முகம் அமையாது. போதாததற்கு, எச்சிலை விழுங்கினால்கூட நோன்புக்கு ஆகாது என்று பயப்படுகிறவர் போல நாலடிக்கு ஒரு தரம் துப்பிக்கொண்டே கடைக்குத் திரும்புவார்.

இத்தனையும் எதற்காக என்றால், ஒரு பெயருக்காக. பதினோரு வயதில் முதல் நோன்பு பிடித்தவர். அதிலிருந்து ஐம்பது வருஷம் ஒரு நோன்பும் விட்டதில்லை. மஞ்சள் காமாலையில் பிடித்தார், லாரியில் கால் மாட்டிக் கட்டுப் போட்டிருந்தபோதும் பிடித்தார். முஹல்லாவில் ஜபருல்லா என்ற பெயரில் மூன்று பேர் இருந்ததால், இவரை 'நோன்பு விடாத ஜபருல்லா' என்றே அடையாளம் சொல்வார்கள். தில்ஷாத்தும் பத்து வயதிலிருந்து பிடிக்கிறவள்தான். மாதாமாதம் விலக்கு நாட்களில் விட்டுப்போனதைப் பெருநாள் கழித்து எண்ணி எண்ணிப் பிடித்து முடித்தவள். தில்ஷாத் என்ற பெயரில் முஹல்லாவில் நாலு பேர் உண்டு. அவளை 'ஜபருல்லா சம்சாரம்' என்பார்கள்.

சர்க்கரை அவருக்குப் பதினாலு வருஷமாக இருந்தது. மாத்திரை இருந்தவரை எப்படியோ ஓட்டினார். போன வருஷம் ஊசிக்கு வந்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் வீட்டிலேயே கிளினிக் வைத்திருக்கும் சென்னகிருஷ்ணன் டாக்டர் அந்த ரமலானுக்கு முந்தின வாரம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஊசியப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தீங்கன்னா சக்கரை கீழ எறங்கிரும் பாய். ஏறுனா மெதுவாத்தான் ஆளத் தின்னும். எறங்குனா அன்னிக்கே முடிஞ்சுரும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் கொளறும். அப்ப ஒடனே இனிப்பா ஏதாச்சும் வாயில போடோணும். அம்மா, நீங்க கேட்டுக்கங்க, இவரு கேக்க மாட்டாரு. உங்க மார்க்கத்துலயே இதுக்கு விலக்கு இருக்குதுங்களே, நான் சொல்லித்தான் தெரியோணுங்களா?"

தெரியாமல் இல்லை. ரமலானுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பயான் சொற்பொழிவில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வருஷா வருஷம் அதைத்தான் சொல்வார். நோயாளிக்கு விலக்கு உண்டு. தீராத நோயாக இருந்தால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் சாப்பாடு என்று கொடுத்துவிட வேண்டும். உடம்பை அழித்துக்கொள்ள யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தலையாட்டி, பின் வரிசையில் யாரோ நோயாளி இருக்கிறாற்போலத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு டாக்டர் வீட்டு வராந்தாவிலும் அதே கதைதான். பாதி ஜமாத் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க பாய், இந்தப் பக்கம்?"

"சும்மா, மச்சானுக்குத் துணைக்கு வந்தேன். நீங்க?"

"நானும் துணைக்குத்தானுங்க."

துணைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர் இருந்ததைத் தில்ஷாத் எண்ணினாள். நோயாளி என்று ஒருவர்கூட இல்லை.

படியிறங்கும்போது ஜபருல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் பிடித்ததில்லை. "தில்ஷாத்து, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். எனக்கு வாக்குக் குடு." கொடுத்தாள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் இஃப்ராவுக்கு மட்டும் சொல்லலாம் என்று ஏற்பாடு.

இந்த வருஷம் அந்த வாக்குக்குச் சோதனை கஞ்சி வழியாக வந்தது.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கமிட்டிக்குப் பதினேழு வருஷமாக ஜபருல்லாதான் தலைவர். தினமும் இரண்டு அண்டா. எழுநூறு பேருக்கு ஊற்ற வேண்டும். சமைக்கிற பண்டாரி நோன்பாளி, கமிட்டி நோன்பாளி, காய்கறி நறுக்குகிறவர்கள் எல்லாரும் நோன்பாளிகள். அப்படியானால் உப்பு யார் பார்ப்பது? அதற்காகத்தான் மாசாணம் இருந்தார். விறகுக் கடைக்காரர். விறகு இறக்கிவிட்டு அண்டா ஓரமாக நிற்பார். பண்டாரி ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார். மாசாணம் ஊதி, உறிஞ்சி, கண்ணை மூடி, "இன்னொரு கை போடுங்க" என்பார். அல்லது "போதுமுங்க" என்பார். பன்னிரண்டு வருஷம் ஒரு முஹல்லாவின் நோன்பு, மாசாணியம்மனுக்கு நேர்ந்து பெயர் வைத்த ஒரு மனிதரின் நாக்கை நம்பி ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்தது.

போன கார்த்திகையில் மாசாணத்துக்கு ரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அவர் சம்சாரம் உப்பு ஜாடியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். மூன்று மாதம் உப்பில்லாமல் தின்று அவர் நாக்கு பச்சைக் குழந்தையின் நாக்கு மாதிரி ஆகிவிட்டது. முதல் நோன்பன்று பண்டாரி பாதி உப்புப் போட்டிருக்கும்போதே, "ஐயோ போதுமுங்க, போதுமுங்க, கடல் மாதிரி இருக்குது" என்றார்.

அன்றைக்குக் கஞ்சி ஆஸ்பத்திரிக் கஞ்சி போல இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜமாத்தின் வாட்சப் குழுவில் ஜாவித் எழுதினான்: 'இன்றும் கஞ்சியில் உப்பு இல்லை. இதற்குப் பொறுப்பு யார்?' ஜாவித் செல்போன் கடை வைத்திருப்பவன், போன வருஷம்தான் கமிட்டிக்குள் வந்தவன். கேட்டரிங்கில் சொன்னால் கஞ்சி வாளி வாளியாக மூடி போட்டு வந்து இறங்கும், கமிட்டியே வேண்டாம் என்பது அவன் கட்சி. அந்தக் கேள்விக்குக் கீழே அறுபது பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

வேறு ஆளை வைக்கலாம் என்றால், மாசாணம் மனசு நோகும் என்று ஜபருல்லா மறுத்துவிட்டார். மறுநாள் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். அவசியத்துக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்புக்குக் குறையில்லை என்றார் அவர். பண்டாரி முயன்று பார்த்தார். கமிட்டியே வட்டமாக நின்று அவருடைய தொண்டையைக் கவனித்தது. பயத்தில் அவர் வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, "உப்பு இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது" என்றார். நோன்போடு விளையாட வேண்டாம் என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க," என்றாள் தில்ஷாத், பதினோரு மணி உப்புமாவின்போது. "நீங்கதான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தாப் போச்சு. உங்களுக்குத்தான் நோன்பில்லையே."

"மெதுவாப் பேசு!"

"யாருக்குங்க கேக்குது?"

"இன்னிக்கு ஒரு வாய் வெச்சேன்னு வை, நாளைக்கு அம்பது வருசத்தையும் சந்தேகப்படுவாங்க. காமாலையில புடிச்சது பொய்யா, கால் ஒடஞ்சப்பப் புடிச்சது பொய்யான்னு தோண்டுவாங்க. கமிட்டி போனாப் போகட்டும். பேரு போச்சுன்னா நான் எங்க போயி வாங்குவேன்?"

தில்ஷாத் விசிறுவதை நிறுத்தாமல், "உசுரு போனா மட்டும் கடையில விக்கறாங்களாக்கும்" என்றாள். அவர் காதில் விழாதது போல மிச்ச உப்புமாவை வழித்தார்.

பத்தாம் நோன்பன்று பத்தே முக்காலுக்கு ஜபருல்லா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே ஜாவித்தின் பைக் வந்து நின்றது.

"மாமா, கடைக்குப் போனேன், ஊட்டுக்குப் போய்ட்டீங்கன்னாங்க. அவசர மீட்டிங். வாங்க போலாம்."

"சித்த சாஞ்சுட்டு வரட்டும் கண்ணு," என்றாள் தில்ஷாத் கதவுக்குப் பின்னாலிருந்து.

"பள்ளியிலயே சாஞ்சுக்கலாமுங்க மாமி. ஃபேன் இருக்குது. இன்னிக்கு உப்பு விசயத்துல ஒரு முடிவு எடுத்தே ஆகோணும். முடிவு தெரியற வரைக்கும் கமிட்டில ஒருத்தரும் அண்டாவ உட்டு நகரக் கூடாதுன்னு பேசிப்போட்டோம்."

ஜபருல்லா தில்ஷாத்தைப் பார்த்தார். தில்ஷாத் அவரைப் பார்த்தாள். பசிக்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை ஐம்பது வருஷமாக அவர் வாயில் வந்ததில்லை. சந்தைக்கு ஓட்டிப் போகிற ஆடு மாதிரி பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சஹரில் போட்ட ஊசி உடம்புக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பீரோவுக்குப் பின்னால் கிண்ணம் மூடியபடியே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜாவித்தின் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஜமாத்தார்கள் கவனத்திற்கு. கஞ்சிக்கு உப்பு பார்க்க ஆள் தேவைப்படுகிறது. உடல்நிலை காரணமாக நோன்பு வைக்காதவர்கள் யாரேனும் இருந்தால், உடனடியாகப் பள்ளிவாசல் பின்புறம் வரவும்."

மூன்று தரம் சொன்னான். மூன்றாவது தரம் 'யாரேனும்' என்பதை இழுத்துச் சொன்னான். தில்ஷாத் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். தெருவில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெரிய மனிதர்கள் சட்டென்று நடையைத் தளர்த்தி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அங்கிருந்த கம்பத்தில் கைவைத்து இளைப்பாறினார்கள். இரண்டு பேருமே டாக்டர் வீட்டு வராந்தாவுக்குத் துணைக்கு வந்தவர்கள்.

ஒருவரும் போகவில்லை. எழுநூறு பேர் கஞ்சி குடிக்கிற முஹல்லாவில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை என்று அன்றைக்கு ஊர்ஜிதமாயிற்று.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஒன்றரை ஆயிற்று. அவர் வரவில்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், துண்டித்தார். மூன்று மணிக்கு இஃப்ரா கூப்பிட்டாள்.

"அத்தா சாப்பிட்டாங்களாம்மா?"

"இல்லை கண்ணு. மீட்டிங்னு கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

"ஊசி?"

"சஹர்லயே போட்டாச்சு."

"அம்மா, அவரு பேரக் காப்பாத்துனது போதும். போயி அவரக் காப்பாத்துங்க. ஒடனே போங்க."

தில்ஷாத் பர்தாவை மாட்டினாள். ஒரு கையில் தூக்குப்போசி, மறு கைக்குள் நாலு எலுமிச்சை மிட்டாய். பெண்கள் கஞ்சி வாங்கப் பின்கேட்டுக்குப் போவது வழக்கம்தான், போசி இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வழியெல்லாம் என்ன சொல்லி அவரைத் தனியே அழைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். மகள் கீழே விழுந்துவிட்டாள் என்று சொல்லலாம். கடையில் போலீஸ் வந்திருக்கிறது என்று சொல்லலாம். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்று நினைவு வந்தபோது, இரண்டு வருஷமாகத் தினமும் ஒரு கதவைச் சாத்தி அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றும் நினைவு வந்தது.

பின்கேட்டில் அதற்குள் முப்பது பெண்கள் போசியோடு நின்றார்கள். தகரக் கொட்டகையில் இரண்டு அண்டாவும் கொதித்துக்கொண்டிருந்தன. புதினாவும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனை கேட்டைத் தாண்டி வந்தது. கமிட்டி சுற்றி நின்றது. நடுவில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜபருல்லா.

சட்டை உடம்போடு ஒட்டி, தாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை விழுந்துகொண்டிருந்தது. அடுப்புச் சூடு என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் பக்கத்தில் நின்ற பண்டாரிக்கு நெற்றியில் மட்டும்தான் வேர்த்திருந்தது. ஜபருல்லாவின் கையில் துடுப்பு ஆடியது. கிண்டுகிற ஆட்டம் வேறு, இந்த ஆட்டம் வேறு என்று தில்ஷாத்துக்குத் தெரிந்தது.

"பாத்துக்கங்க," என்றான் ஜாவித் எல்லாரிடமும். அவனுக்கே மனசு இளகிவிட்டது. "அறுவது வயசுக்கு மேல, நோன்பு வெச்சுட்டு, காலைல இருந்து உக்காராம நிக்கறாரு. கேட்டரிங்னு நான் சொன்னது தப்புங்க."

"மாஷா அல்லாஹ்," என்றார்கள் இரண்டு பேர். ஜாவித் போனை எடுத்துக் குழுவில் போடுவதற்காகப் படம் பிடித்தான். ஜபருல்லா போனைப் பார்த்துத் தன் நோன்பு முகத்தை வைக்க முயன்றார். பாதி முகம்தான் வந்தது.

விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்த மாசாணத்தைப் பார்த்து, "அண்ணா, எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?" என்றார் ஜபருல்லா.

"பாய், நான் மாசாணமுங்க."

"உக்காருங்கண்ணா."

ஜபருல்லாவின் அண்ணன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

தில்ஷாத் வரிசையை விட்டு, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் வராத இடம். யாரோ "ஏனுங்கம்மா, ஏனுங்கம்மா" என்றார்கள். அவள் மிட்டாயைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நான் நோன்பு," என்றார்.

"இல்லீங்க."

"நோன்பு, தில்ஷாத்து. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் சொன்னதில் ஒரு வகையில் பொய்யே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சஹரிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் ஒழுங்காகப் பட்டினி கிடந்தது இன்றைக்கு ஒரு நாள்தான், அதுவும் நோன்பாக இல்லை. எழுநூறு பேருக்கான கஞ்சி முன்னால் கொதிக்க, அதற்குத் தலைவரான மனிதர் செத்துக்கொண்டிருந்தார், ஒரு வாய் தின்றுவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அவர் முழங்கால் மடங்கியது. மாசாணம் தாங்கிப் பிடித்தார்.

தில்ஷாத் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஆண்கள் கூட்டத்தின் முன்னால் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. குரல் எவ்வளவு வர வேண்டும் என்ற அளவு தெரியாமல், ஒலிபெருக்கியே தேவைப்படாத அளவுக்கு வந்துவிட்டது.

"இவருக்கு நோன்பில்லைங்க! போன வருசமும் இல்லை! சக்கரைக்கு ஊசி போடறாரு. தெனமும் பதினோரு மணிக்கு ஊட்டுல உப்புமா சாப்பிடுவாரு. இன்னிக்கு அதைக்கூடத் திங்க உடாமக் கூட்டிட்டு வந்துட்டீங்க. மாசாணண்ணா, உங்க டீயக் கொண்டாங்க!"

மாசாணத்திடம் பிளாஸ்க்கில் டீ இருந்தது. உப்பைத்தான் சம்சாரம் பிடுங்கியிருந்தாள், சர்க்கரையை விட்டுவைத்திருந்தாள். மாசாணம் தலையைத் தாங்கிப் பிடிக்க, தில்ஷாத் டம்ளரைப் பல்லில் இடித்து வாய்க்குள் சரித்தாள். முதல் வாய் தாடியில் வழிந்தது. இரண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவதை அவரே இழுத்தார். பிறகு மிட்டாய் ஒன்று, இன்னொன்று. கால் மணி நேரம் கமிட்டி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பண்டாரி மட்டும் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

மெல்ல ஜபருல்லாவின் கண்ணில் தெளிவு வந்தது. முதலில் மாசாணத்தை அடையாளம் தெரிந்தது. பிறகு டம்ளர் தெரிந்தது. பிறகு சுற்றி நிற்கிற கமிட்டி, கேட்டில் முப்பது பெண்கள். எல்லாமே தெரிந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். வரப்போவது எதுவோ அது வரட்டும் என்று காத்திருந்தார். தில்ஷாத்தும் அவர் தோளைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

வந்தது. பெண்கள் வரிசையில் முன்னால் நின்ற, போசியை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அட ஏனுங்க! நோன்பில்லாத மனுசன அண்டாப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டா, பத்து நாளா எங்களுக்கு உப்பில்லாத கஞ்சிய ஊத்துனீங்க?"

"அதானே! எங்க ஊட்டுல புள்ளைங்க கஞ்சியத் தொட்டாவே ஊறுகா ஜாடியத் தேடுதுங்க!"

"எங்க மாமியா மூணு நாளா நாந்தான் தண்ணி கலந்து கொண்டாரேன்னு ஏசறாங்க!"

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லியிருந்தா என்னங்க பாய், வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. ஜாவித்துக்கு அழுகையே வந்துவிட்டது. "மைக்குல மூணு தடவ கூப்புட்டனுங்களே மாமா! எம் பக்கத்துலதானே நின்னீங்க! அறுவது பேருக்குக் குழுவுல பதில் சொல்லி எனக்குக் கை வலிக்குது!"

"நாக்கு வேஸ்ட்டாப் போச்சே," என்றார் பண்டாரி, உண்மையான வருத்தத்தோடு.

சத்தம் கேட்டு ஹஜ்ரத் வந்தார். நடந்ததைச் சொன்னார்கள். அவர் ஜபருல்லாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நாடி பார்ப்பவர் போலக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கு பாய்?"

"தேவலைங்க ஹஜ்ரத்." தலையைக் குனிந்தபடியே சொன்னார். "நான் ஜமாத்த ஏமாத்திப்போட்டேன்."

"விலக்கு அல்லாஹ் குடுத்தது. அத ஒளிஞ்சு உக்காந்து திங்க அது என்ன திருட்டுச் சோறா? ரெண்டு வருசமா ரமலானுக்கு முந்தின வெள்ளிக்கெழமை முன் வரிசையில உக்காந்து தலையாட்டுனீங்களே, எதுக்குத்தான் ஆட்டுனீங்க?" அவர் நிமிர்ந்து ஒரு பார்வை சுற்றிப் பார்த்தார். கமிட்டியில் ஐந்தாறு பேர் உடனே அண்டாவைப் பார்த்தார்கள். "சரி. இப்ப வாயில என்ன?"

"மிட்டாய்ங்க."

"முடிச்சுட்டு, வாயக் கொப்பளிச்சுட்டு, உப்பைப் பாருங்க. அஸர் தொழுகைக்கு நேரமாச்சு."

ஜபருல்லா உப்பு பார்த்தார். மூன்று கை போடச் சொன்னார். அன்றைக்குக் கஞ்சி கஞ்சியாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தில்ஷாத் ஒரு பக்கம் போசியையும் மறு பக்கம் அவரையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பியதும் அவர் கூப்பிட்டார்.

"தில்ஷாத்து."

"ம்."

"அந்த அம்பது வருசத்தப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கலியே?"

"கேக்கலீங்க."

"காமாலை, கால் ஒடஞ்சது... ஒருத்தருகூடவா?"

"உப்பப் பத்தித்தானுங்க கேட்டாங்க."

அவர் நின்றுவிட்டார். திட்டியிருந்தால்கூட அவர் முகம் அவ்வளவு வாடியிருக்காது. அவர் அரை நூற்றாண்டாக முதுகு வளையச் சுமந்து வந்த மூட்டையைக் கீழே இறக்கிப் பார்த்தால், அது அங்கே இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. தில்ஷாத்துக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, அவர் நிற்கிறார், நடக்கிறார், குறைப்பட்டுக்கொள்கிறார் என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. "நானு எண்ணி வெச்சிருக்கனுங்க, வாங்க," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் ஜபருல்லா பெயர் இல்லாமல் வாழ்கிற ஆள் இல்லை. மறுநாள் குழுவில் ஜாவித் 'உப்பு பொறுப்பு: ஜனாப் ஜபருல்லா' என்று அறிவித்தான். அவர் மூன்று மணிக்கே அத்தர் பூசிக்கொண்டு, தனக்கென்று ஒரு வெள்ளி டம்ளர் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்டா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாசாணத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, உப்பைக் கண்டுபிடிப்பதில் நாக்கின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்த மாசாணம், "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை அஸருக்கு முன்பே கொட்டகைப் பக்கம் ஒரு பெரிய மனிதர் வந்தார். இங்குமங்கும் பார்த்துவிட்டு, "பாய், ரெண்டு அண்டாவாச்சுங்களே, ஒரு நாக்குப் பத்துமா? எனக்கும் டாக்டரு..." என்று இழுத்தார். சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். அப்புறம் மூன்றாமவர். வராந்தாவில் துணைக்கு வந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று நோய் வந்துவிட்டது. ஜபருல்லா ஒருவரையும் சேர்க்கவில்லை.

"இதுக்கெல்லாம் அனுபவம் வேணுமுங்க," என்று அனுப்பிவிட்டார். "நான் ரெண்டு வருசமா நோன்பில்லாம இருக்கறவன்."

நாலு நாளில் பண்டாரிக்கு உப்பில் கை வைக்கும் உரிமை போயிற்று. ஜபருல்லா சொல்லச் சொல்லப் போட வேண்டும். ஒவ்வொரு அண்டாவுக்கும் ஐந்து முறை பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவர் நாக்குக்கு உப்புப் பழகிக்கொண்டே போனது. "இன்னொரு கை" என்பார். "இன்னும் ஒரு கை."

பதினேழாம் நோன்பன்று பாங்கு சொன்னதும் தில்ஷாத் பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியில் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி விழுங்கினாள்.

"உப்பு கரிக்குதுங்க."

ஜபருல்லா தன் கிண்ணத்தை நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். குழுவில் பத்து நாள் உப்பில்லை உப்பில்லை என்று எழுதியவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவார்கள்?

"உனக்கு அப்படித்தான் தெரியும்," என்றார். "பகலெல்லாம் காஞ்சு கெடந்த நாக்கு. நோன்பு வெக்கறவங்களுக்கு ருசியப் பத்தி என்ன தெரியும்?"

தில்ஷாத் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டாள். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும், தெரு நெடுக எல்லா வீட்டிலும் அதே நேரத்தில் குடத்துக்குள் டம்ளர் முட்டுகிற சத்தம் கேட்டது.